சூடானால் கிளம்பாத அல்லி

"தாயி, என் வண்டி சூடானா செத்துப்போகுது. நான் என்ன பாவம் பண்ணினேன், சொல்லு."

காரைக்குடி புறவழிச் சாலையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் சகாயராணி அப்போது ஒரு லாரிக்கு அடியில் இருந்தாள். அவளுடைய செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. வைரவன் அந்தச் செருப்பைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எவ்வளவு நேரம் செத்திருக்கும்?" என்று லாரி கேட்டது.

"ஒரு அரை மணி."

"அப்புறம்?"

"ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கும்."

"செத்தவங்கல்லாம் அரை மணியில எந்திரிச்சு வந்தா ஊரு தாங்குமா அண்ணே? அது சாகல. என்னமோ சொல்லுது."

"என்ன சொல்லுது?"

லாரிக்கு அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம்தான் வந்தது.

வைரவனுக்கு அறுபது வயது. சகாயராணிக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனாலும் அவர் அவளைத்தான் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் பானெட் மேல் காதை வைத்தால் வண்டி தன் ஜாதகத்தையே ஒப்பிக்கும் என்று பேர். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவள், இன்னும் கண்ணுக்கே தெரியாத ஒரு பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, "ஃபேன் பெல்ட் இன்னிக்குத் தாங்காது" என்றாளாம். பஸ் வந்து நின்றதும் பெல்ட் அறுந்து அவள் காலடியில் வந்து விழுந்ததாம். ஊரில் பாதிப் பேர் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். மீதிப் பேர் பார்த்தவர்களைப் பார்த்தவர்கள்.

வைரவனின் காருக்குப் பேர் அல்லி.

பழைய காலத்து வண்டி. பாலாடை நிறம், குங்கும நிறக் கூரை. முன்விளக்குகள் இரண்டும் சம்பந்தி வீட்டாரைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருக்கும். சுற்று வட்டாரத்தில் பெண் அழைப்பா, மாப்பிள்ளை அழைப்பா, அல்லியைத்தான் கூப்பிடுவார்கள். அழகுக்காக அல்லியைக் கூப்பிடுவார்கள். அதைத் தள்ளுவதற்கு ஆட்களையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள்.

ஊர்வலமாகக் கோயில் வரைக்கும் அல்லி நன்றாகத்தான் போகும். அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு, பெண்ணோ மாப்பிள்ளையோ இறங்கிச் சாமி கும்பிட்டு வந்து ஏறினால், போயே போச்சு. கர், கர் என்று கனைக்கும். எடுக்காது.

சிராவயல் கல்யாணத்தில் இப்படி நின்றபோது நாயனக்காரர் தெரிந்த ராகமெல்லாம் வாசித்துத் தீர்த்து, தெரியாததிலும் ஒன்றிரண்டை வாசித்துவிட்டார். காலையில் மழித்திருந்த மாப்பிள்ளைக்குத் தாடி முளைத்துவிட்டது. மண்டபத்தில் போய் இறங்கியபோது, "இவர் யாரு, மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா?" என்று பெண் கேட்டாளாம்.

லாரிக்கு அடியிலிருந்து சகாயராணி வெளியே வந்தாள். முகத்தில் கிரீஸ். வைரவன் முகத்தைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்தினாள்.

"என்ன அண்ணே, இந்தத் தடவை மூஞ்சி வேற மாதிரி இருக்கு?"

"வெள்ளிக்கிழமை என் தங்கச்சி மக தேனம்மைக்குப் பெண் அழைப்பு."

"நல்ல விசயம்தானே."

"தாய்மாமன் வண்டியிலதான் ஏறுவேன்னு புள்ள ஒத்தக் கால்ல நிக்குது. அவ அப்பன் சாத்தையா இருக்கானே, என் மாப்பிள்ளை, அவன் சபையில வெச்சுச் சொல்லிட்டான். 'மச்சான், கோயில் வாசல்ல உங்க வண்டி நின்னா, புள்ளைய இறக்கி ஏசி கார்ல ஏத்திருவேன். அந்தக் காரைப் பின்னாலேயே வரச் சொல்லியிருக்கேன்'னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நின்னா மறுநாளே அல்லிய உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்னு சொல்லிட்டேன்."

"சபையிலயா?"

"சபையில. சொல்லும்போது மீசை முறுக்கியிருந்துச்சு தாயி. வீட்டுக்கு வந்து பாத்தா தொங்கிப்போச்சு."

சகாயராணி அல்லியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இதுவரைக்கும் என்னென்ன மாத்தினீங்க?"

"பிளக் மாத்தினேன். காயில் மாத்தினேன். கண்டென்சர், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், பேட்டரி, வயரிங்…"

"எதை மாத்தல?"

வைரவன் நன்றாக யோசித்தார்.

"ஹாரன்."

"சாவியக் குடுங்க."

உச்சி வெயிலில் தேவகோட்டை வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். தார் உருகி டயரோடு சேர்ந்து ஊருக்கு வந்துவிடும் வெயில். சாலையைக் கடந்த காக்கை ஒன்று செருப்புக் கேட்டது. ஷெட் வாசலில் சகாயராணி வண்டியை நிறுத்தினாள். கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட்டர் பித்தானை அழுத்தினாள்.

அல்லி உடனே கிளம்பியது.

மறுபடி நிறுத்தினாள். மறுபடி கிளம்பியது. நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து அழுத்தினாள். அப்போதும் கிளம்பியது.

வைரவனுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"உன்னைக் கண்டா மட்டும் மரியாதை தெரியுது இதுக்கு. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"நீங்க பொய் சொல்லல. வண்டியும் பொய் சொல்லல. நாளைக்கு வாங்க. கல்யாணத்துக்குப் போற மாதிரி வரணும்."

மறுநாள் வைரவன் வந்தார். அல்லியைக் குளிப்பாட்டி, மெருகு போட்டு, சக்கரத்துக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார். தானும் பட்டு வேட்டி கட்டி, ஜவ்வாது பூசி வந்திருந்தார்.

சகாயராணி பார்த்தாள்.

"நீங்க கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கீங்க. வண்டி அப்படி இல்லையே."

"வேற என்ன வேணும்?"

"கல்யாணத்துக்கு வண்டி எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

வைரவன் ஓடினார். பூக்கடைக்காரரைக் கையோடு பிடித்துவந்தார். வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொன்னார். பூக்கடைக்காரர் செய்தார்.

அல்லியின் மூக்குக்கு முன்னால் ஒரு பூத்திரை. அடியில் சம்பங்கி, நடுவில் ரோஜாவில் ஓர் இதயம், ஓரமெல்லாம் மரிக்கொழுந்து. வைரவன் பெருமையைப் பூவில்தான் காட்டுவார். ஈ உள்ளே போக நினைத்தால் விண்ணப்பம் போட வேண்டும், அவ்வளவு நெருக்கம். பானெட்டைச் சுற்றி மல்லிகைச் சரத்தைப் பச்சைப்பிள்ளைக்குத் துணி சுற்றுவதுபோல் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இப்ப?" என்றார் வைரவன்.

"இப்ப ஊர்வலம். நடை வேகம். நாயனம் முன்னால போகணும்."

"நாயனக்காரர் வெள்ளிக்கிழமைதானே வருவாரு?"

"அப்ப நீங்க வாசிங்க."

குரு சொன்னால் சீடன் கேட்கத்தான் வேண்டும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை வாயில் வைத்து, பீ… பீ… பீ என்று வைரவன் சாலையில் முன்னே நடந்தார். பின்னால் அல்லியை ஊர்ந்து வரவிட்டாள் சகாயராணி. அல்லிக்குப் பின்னால் ஆடுகள் சேர்ந்துகொண்டன. ஆடுகளுக்குப் பின்னால் ஒரு நாய், தன்னைக் கூப்பிடவில்லையே என்ற வருத்தத்தோடு.

எதிரே வந்தவர் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"யாருக்குங்க கல்யாணம்?"

"வண்டிக்கு" என்றாள் சகாயராணி.

"மாப்பிள்ளை எங்க?"

"அதத்தான் தேடிப் போறோம்."

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"சாமி கும்பிடுங்க அண்ணே."

"இங்க ஏது கோயில்?"

"மனசுல கும்பிடுங்க. எல்லாச் சாமியையும். அவசரம் இல்லாம."

வைரவன் கண்ணை மூடி, குலதெய்வத்தில் ஆரம்பித்து, பக்கத்து ஊர் எல்லைச்சாமி வரைக்கும் ஒருவரையும் விடாமல் கும்பிட்டார். கண்ணைத் திறந்தார்.

சகாயராணி பித்தானை அழுத்தினாள்.

கர்… கர்… கர்…

எடுக்கவில்லை.

"பாத்தியா!" வைரவன் ஒரு துள்ளுத் துள்ளினார். "நின்னுருச்சு! நின்னுருச்சு தாயி! நான்தான் சொன்னேன்ல!"

வண்டி நின்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுசனை அந்தச் சாலை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆடுகளே கொஞ்சம் விலகி நின்றன.

சகாயராணி முதல்தடவையாகச் சிரித்தாள். டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தாள்.

"வந்துட்டியா? உன்னைத்தான் நேத்தே தேடினேன்."

சந்தோஷம் அடங்கியதும் வைரவனுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. ஓடிவந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். ஆக்ஸிலரேட்டரைத் தையல் மெஷின் மிதிப்பதுபோல் மிதித்தார். மிதித்துக்கொண்டே பித்தானை அழுத்தினார்.

கர்… கர்…

"என்ன அண்ணே பண்றீங்க?"

"பெட்ரோல் குடுக்கறேன்."

"மோந்து பாருங்க."

மூக்கை இழுத்தார். அத்தனை மல்லிகையையும் தாண்டிப் பெட்ரோல் வாடை அடித்தது.

"ஏற்கெனவே குடிச்சு மூச்சு முட்டி நிக்குது. நீங்க இன்னும் வாயில ஊத்துறீங்க."

வைரவன் காலை எடுத்தார். இறங்கினார். முன்னால் போய்ப் பூத்திரையைப் பிய்த்து எறிந்தார். மல்லிகைச் சரத்தை அறுத்தார். பானெட்டைத் தூக்கினார். அனல் அவர் புருவத்தைப் பொசுக்கப் பார்த்தது. மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

சகாயராணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"காதை வைங்க."

"எங்க?"

எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரை அவள் காட்டினாள். வைரவன் கிட்டத்தில் காதைக் கொண்டுபோனார்.

களக்… களக்… களக்…

"என்ன கேக்குது?"

"கொதிக்குது." அவர் கண் விரிந்தது. "தாயி, பெட்ரோல் கொதிக்குது! எங்க வீட்டுச் சாம்பார் மாதிரி கொதிக்குது!"

"இப்ப எதைக் கழட்டப் போனீங்க?"

"பிளக்கை."

"போன கல்யாணத்துல?"

"காயில் மாத்தினேன். எடுத்துருச்சு."

"அதுக்கு முந்தின கல்யாணத்துல?"

"கண்டென்சர். அதுவும் மாத்தினதும் எடுத்துருச்சு."

"சிராவயல்ல?"

"பம்ப். அதை மாத்தினதும்தான்…"

"ஒவ்வொண்ணையும் மாத்தறதுக்கு முந்தி என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலியே. பூவைப் பிச்சுப் போட்டேன். பானெட்டைத் திறந்தேன். அப்புறம்…"

வைரவன் கையிலிருந்த ஸ்பேனர் தாழ்ந்தது.

சாலையில் ஒரு லாரி போனது. அதன் காற்றில் சம்பங்கி நாலைந்து உருண்டு வந்து அவர் காலில் முட்டின.

சகாயராணி ஸ்பேனரை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். பானெட் திறந்தபடியே இருந்தது. இருவரும் நிழலில் உட்கார்ந்தார்கள். எதையும் தொடக்கூடாது என்று அவள் சொன்னதால் வைரவன் இரண்டு கைகளின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவள் எழுந்துபோய், ஆக்ஸிலரேட்டரைத் தரை வரைக்கும் ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு பித்தானை அழுத்தினாள். அல்லி கிளம்பியது.

"அப்ப நான் இத்தனை வருசமா மாத்தினதெல்லாம்?"

"நல்ல பொருளுங்கதான். வண்டிக்கு வேண்டியிருந்தது காத்து மட்டும்தான். ஷெட்டுல கொண்டாந்து வைங்க. யாருக்காச்சும் ஆகும்."

வைரவன் பூத்திரையைப் பார்த்தார். பிய்ந்துபோன ரோஜா இதயத்தைப் பார்த்தார். பிறகு பாவமாகக் கேட்டார்:

"தாய்மாமன் வண்டி பூ இல்லாம போனா ஊரு என்ன சொல்லும் தாயி? தங்கச்சி மனசு தாங்குமா?"

"நான் மெக்கானிக் அண்ணே" என்றாள் சகாயராணி. "பூவுக்கு நீங்கதான் குரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அல்லியைப் பார்த்த சாத்தையா மூக்கின் மேல் விரல் வைத்தார்.

முன்னால் ஒரு பூ இல்லை. பூவெல்லாம் கூரையிலும் பின்னாலும் இருந்தன. வைரவன் விடவில்லை. வண்டிக்குப் பின்னால் சம்பங்கியிலும் ரோஜாவிலும் ஒரு தோகை விரித்திருந்தார். அந்த வழியாக வந்த ஒரு பெண் மயில் அரை நாள் அங்கேயே நின்று பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

"என்ன மச்சான், மூஞ்சியில மொட்டையடிச்ச மாதிரி இருக்கு? பூவெல்லாம் பின்னால வெச்சா யாரு பாக்குறது?"

"பின்னாலேயே ஒரு ஏசி கார் வரும்னு சொன்னீங்களே மாப்பிள்ளை. அது பாக்கட்டும்."

சாத்தையாவுக்கு உறைத்தது. சகாயராணியைப் பார்த்தார்.

"இந்த மெக்கானிக்குப் புள்ளையும் முன் சீட்டுல உக்காரட்டும். தள்ளறதுக்கு ஒரு ஆளாச்சு."

நாயனம் முன்னே போனது. அல்லி பின்னே ஊர்ந்தது. உள்ளே தேனம்மை பட்டிலும் நகையிலும் வேர்வையிலுமாக மின்னினாள். பிள்ளையார் கோயில் வாசல் வந்தது. வைரவன் எஞ்சினை அணைத்தார். தேனம்மையும் பெண்களும் இறங்கி உள்ளே போனார்கள்.

வைரவன் இறங்கினார். நேராக முன்னால் போய்ப் பானெட்டை அகலத் திறந்து வைத்தார்.

"போச்சுடோய்!" என்று கூட்டத்தில் ஒரு குரல். "நின்னுருச்சு!"

"போன தடவை எடுத்துப் பாத்துட்டுத்தான் திறந்தாரு. இந்தத் தடவை முன்கூட்டியே திறந்துட்டாரு!"

தள்ளிப் பழகிய இளவட்டங்கள் கைலியை மடித்துக் கட்டினார்கள். சாத்தையா கையைக் காட்டினார். ஏசி கார் வழுக்கிக்கொண்டு வந்து அல்லியின் பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த குளிருக்கு வாசலில் நின்ற பூசாரிக்குத் தும்மல் வந்தது.

வைரவன் குருவைப் பார்த்தார். குரு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கைகள் பரபரத்தன. பிளக் இருக்கிறதா, வயர் இறுக்கமா, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் என்ன? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கை நழுவப் பார்த்தது. இடது கை பிடித்துக்கொண்டது.

மணி அடித்தது. தேனம்மை நெற்றி நிறையத் திருநீறோடு வெளியே வந்தாள்.

"தேனு, இந்தக் கார்ல ஏறு" என்றார் சாத்தையா.

அவள் ஏசி காரைப் பார்த்தாள். வாய் பிளந்து நிற்கும் அல்லியைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள்.

"மாமா?"

வைரவன் பானெட்டை மெதுவாக மூடினார். அல்லியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறும்மா."

தேனம்மை ஏறினாள். கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. வெளியே விடவில்லை. கோயிலுக்குள் பிள்ளையார் கொழுக்கட்டை மெல்வதை நிறுத்தினார்.

வைரவன் உட்கார்ந்தார். ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாகத் தரை வரைக்கும் மிதித்து, அப்படியே வைத்துக்கொண்டார். பித்தானை அழுத்தினார்.

கர்…

கால் துடித்தது. மிதி, மிதி என்றது. இத்தனை வருசப் பழக்கம் முழங்காலில் ஏறி நின்று ஆடியது.

கர்…

"தள்ளலாமா மாமோய்?" என்று பின்னாலிருந்து ஒருவன்.

அவர் காலை அசைக்கவில்லை.

கர்… க்ர்ர்ர்ரூம்!

அல்லி கர்ஜித்தது. கோயில் வாசல் புறாக்கள் ஒன்றாகக் கிளம்பின. தள்ளத் தயாராகக் குனிந்திருந்த இளவட்டங்கள் காற்றைத் தள்ளிக் குப்புற விழுந்தார்கள். யாரோ வெடியைக் கொளுத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவை குன்றக்குடி மலையில் முட்டித் திரும்பி வந்து, இன்னொரு தடவை கேட்டது. சாத்தையா ஏசி காரின் கதவைத் தன் கையாலேயே அடித்துச் சாத்தினார். சாத்திய வேகத்தில் துண்டு உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் கவலைப்படவில்லை. துண்டை விட்டுவிட்டு, "எங்க மச்சான் வண்டிடா!" என்று அல்லியின் பின்னால் ஓடிவந்தார்.

"மாமா! மாமா!" என்று பின்சீட்டில் தேனம்மை கைதட்டினாள். பெண் அழைப்பில் பெண் இவ்வளவு சத்தம் போடக்கூடாது என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை.

வைரவனுக்குக் கண் கலங்கி வழிந்தது. ஹாரனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அல்லியின் மூக்கில் காற்று ஜில்லென்று மோதியது. அந்தக் காற்று கண்ணாடி இடுக்கு வழியாக அவர் மீசையிலும் மோதியது. நாயனக்காரர் பக்கவாட்டில் தெரிந்தார். பிறகு கண்ணாடியில் தெரிந்தார். பிறகு தெரியவில்லை.

"குருவே!" என்று கத்தினார் வைரவன். "எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு! வண்டி புரிஞ்சுபோச்சு, நான் யாருன்னு புரிஞ்சுபோச்சு, இனிமே உன்கிட்டக் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல!"

"அண்ணே" என்றாள் சகாயராணி.

"சொல்லு தாயி!"

"மண்டபம் தாண்டிருச்சு."